ஹலினா அன்ரியின் முடியாத நாவல்

என் ஹலினா அன்ரி,

இப்போது எந்த நூற்றாண்டில் இருக்கிறீர்கள்? டோர்செட் பார்க் அடுக்குமாடியில் எனக்கு எதிர்க் கதவில் இருந்தபோதே உங்கள் மனம் பழைய போலந்துப் போர் ஒன்றில்தான் குடியிருந்தது. அதை வைத்து எத்தனை சரித்திர நாவல்கள்! போலந்து மொழியில் இருப்பதால் ஒன்றைக்கூட எனக்கு வாசிக்கத் தெரியாது.

எழுதுவதை எல்லாம் முதலில் செய்து பார்ப்பீர்கள். ஷெல்லுக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடியபோது, மாட்டை அவிழ்த்துவிட்டு வருகிறேன் என்று திரும்பிய அண்ணா வரவேயில்லை என்று ஒருநாள் சொன்னேன். நீங்கள் ஐயோ என்று சொல்லவில்லை. "மாட்டின் கழுத்தில் என்ன முடிச்சு?" என்று கேட்டீர்கள்.

மறுநாள் உங்கள் பல்கனிக் கம்பியில் அதே முடிச்சுப் போட்ட கயிறு. அவசரத்தில் கை எப்படி நடுங்கும் என்று பார்க்க என்னைப் பின்னால் நின்று கத்தச் சொன்னீர்கள். "ஓடி வாங்கோ!" என்று கத்தினேன். பிறகு அழுதுவிட்டேன். "உந்த மனுசிக்கு விசரே?" என்றார் என் கணவர்.

நீங்கள் கண்ணை மூடிய பிறகு உங்கள் மகள் ஈவா சனிக்கிழமைகளில் வந்து, நீங்கள் முடிக்காமல் விட்ட கடைசி நாவலை ஆங்கிலத்தில் சொல்லிக் காட்டுகிறாள். "போலந்துக்காரன்ர சண்டைக்குள்ள எங்கட மாடு என்னெண்டு போச்சுது?" என்று இவருக்குச் சிரிப்பு. ஆனால் எழும்பிப் போகமாட்டார்.

கதை, மாட்டை அவிழ்க்கத் திரும்பியவன் முடிச்சில் கை வைத்த இடத்தில் நிற்கிறது. பதிப்பகம் அவசரப்படுத்துகிறதாம். "உங்களைக் கேட்டுத்தான் முடிப்பேன் என்று அம்மா சொன்னார். அவன் திரும்பி வந்தானா?" என்று ஈவா கேட்டாள்.

நான் என்ன சொல்ல, அன்ரி? அண்ணாவின் படத்துக்கு நாங்கள் இன்றுவரை மாலை போட்டதில்லை. வரவில்லை என்றால் என் வாயாலேயே அவரைக் கொன்றதாகிவிடும். வந்தான் என்றால் பொய். பொய் எழுதினால் உங்களுக்குக் கோபம் வருமே.

இவ்வளவு கேள்வி கேட்ட நீங்கள், மாடு என்ன ஆனது என்று ஏன் கேட்கவில்லை? அடுத்த நாள் காலை, நாங்கள் தங்கியிருந்த கோயில் வளவுக்கு அது வந்தது. கழுத்தில் கயிறு இல்லை. அண்ணா மாட்டடிக்குப் போய் அதை அவிழ்த்துவிட்டிருக்கிறார்.

அதை அப்படியே ஈவாவிடம் சொன்னேன். "பிறகு?" என்றாள். பிறகு எனக்குத் தெரியாது, அத்தோடு நிறுத்திவிடு என்றேன்.

அண்ணா எப்போதாவது வந்தால், மிச்சக் கதையை முதலில் உங்களுக்குத்தான் சொல்வேன்.

உங்கள் பெறாமகள்,
ரஞ்சினி