நடுவில் அமுங்கிய கேக்

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். உங்கள் இருமல் நின்றதா? அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. கோபம்தான் தணியவில்லை.

இந்த மலையூரில், இவ்வளவு உயரத்தில் காற்று மெலிது. சமவெளி அளவில் பேக்கிங் பவுடர் போட்டால் கேக் அவசரமாகப் பொங்கி, வேகும் முன்பே நடுவில் அமுங்கிவிடுகிறது. பவுடரைக் குறைக்கலாம் என்றேன். போன மாதம்தான் கீழேயிருந்து வந்த எங்கள் பேக்கரி மாஸ்டர் காதில் வாங்கவில்லை. "சும்மா சும்மா ஓவன் கதவத் திறந்து பாத்தா கேக் எப்படி நிக்கும்? நாளையிலருந்து நீ பாத்திரம் கழுவு, போதும்" என்று கடைக்கு வந்தவர்கள் முன்னாலேயே சொன்னார். நான் கதவைத் தொடவே இல்லை, அப்பா!

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் அளவிலேயே மாவு கலந்து ஓவனில் வைத்தேன். எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"உக்காருங்க மாஸ்டர். கதவுக்கு நீங்களே காவல்."

முறைத்துக்கொண்டே உட்கார்ந்தார். கண்ணாடிக்குப் பின்னால் கேக் பொங்கியது. அவர் கண்ணெதிரிலேயே அமுங்கியது.

"சரி சரி, உன் அளவுலயே போட்டுத் தொல" என்று எழுந்து போனார். தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று ஒரு வார்த்தை வரவில்லை. ஓவன் இப்போது என் பொறுப்பு. ஆனாலும் மனம் ஆறவில்லை.

இங்கே திறந்த பாத்திரத்தில் பருப்பும் வேகாது. ஒரு குக்கர் அனுப்புங்கள், பெரியதாகவே. ஒருத்திக்கு எதற்கென்று அம்மா கேட்டால், யாரையாவது சாப்பிடக் கூப்பிடுவேன் என்று சொல்லுங்கள். இந்த ஊரில் எனக்குப் பழக்கமானவர் மாஸ்டர் ஒருவர்தான். அவரைக் கூப்பிட மாட்டேன்.

கேக்கை வெளியே எடுக்க வேண்டும், நிறுத்துகிறேன்.

உங்கள் மகள்