கீழ்க்கரைக்குப் போன வாயில் காவலன்

உறைபனி காலம் தவறாமல் இறங்குக. வெண்முடி நாடு ஓங்குக. பளிங்கேரி விரிசல் காணாதிருக்க.

இவ்வோலை எழுதப்பட்ட பகற்பொழுதில் பெருவாயில் மாளிகை முன்றிலில் இருந்தவர்கள்: வெண்முடிக் கோனின் முதலமைச்சரும், உறைந்த ஏரியில் வளைகோலால் வட்டை அடித்து ஆடும் ஏரி ஆட்டத்தில் வட்டு புகாதபடி தலைமுறை தலைமுறையாக வாயில் காத்துவரும் பெருவாயில் குடியின் மூத்தவருமான அழிசியார், அவர் தம்பி மகனும் வெண்பருந்து அணியின் வாயில் காவலனுமான கீரன், அந்த அணியின் முன்னாள் தலைவன் வேட்டன், கரையில் கொள்ளுக்கஞ்சி விற்கும் நக்கண்ணை, ஏரியில் பனிப்பாளம் அறுக்கும் பூதன், ஓலை எழுதும் சாத்தன். வேறு எவரும் இல்லை. கதவுக்குப் பின்னால் நின்று கேட்டோம் என்று இனி யாரேனும் சொல்வார்களானால், அவர்கள் நின்றது வேறு வீட்டுக் கதவு.

வெண்பருந்து அணி வென்றாலும் தோற்றாலும் கரையைவிட்டு நகராத தணல்மன்றத்து அன்பர்கள் அனைவருக்கும், அவர்தம் மனைகளுக்கும் அடுப்புகளுக்கும் நலம் வேண்டி, அமைச்சர் அழிசியார் விடுக்கும் ஓலை இது.

ஆட்டக்காலம் முடிந்ததும் ஏரிக்கரையில் தீ மூட்டி, அதைச் சுற்றி அமர்ந்து, அணியினர் ஒவ்வொருவரின் ஆட்டத்தையும் அலசித் தீர்ப்பது உங்கள் உரிமை. அங்கே பேசிய பேச்சுக்கு எவரையும் தண்டிப்பதில்லை என்பது இந்நாட்டு வழக்கம். அவ்வழக்கத்தை அமைச்சர் மதிக்கிறார். ஆயினும் இவ்வாண்டு அவர் சாதாரணக் கம்பளி ஒன்றைத் தலையோடு சேர்த்துப் போர்த்திக்கொண்டு உங்கள் நடுவே வந்து அமர்ந்தார் என்பதை மறைக்க வேண்டிய தேவையில்லை. ஆட்டங்களைப் பெருங்குடியினர் அமரும் மேற்கூரை மேடையிலிருந்தே பார்த்துப் பழகிய அவருக்கு உங்கள் பேச்சு புதிது.

முன்கள வீரன் தாயனைப் பற்றி முதலில் பேசினீர்கள். அவனுடைய சறுக்குச் செருப்பு காற்றைவிட விரைவானது, ஆனால் வட்டு அவன் வளைகோலுக்கு வந்துவிட்டால் அது சிறையில் அடைபட்டது போலத்தான், தோழர்களுக்குத் தரமாட்டான், தன் திருமணத்தில்கூட மாலையைத் தன் கழுத்திலேயே போட்டுக்கொள்வான் என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் சிரித்தீர்கள். மலைநாட்டாரோடு நடந்த முதல் ஆட்டத்தில் வெண்பருந்தார் ஆடியதைப் போலக் கடைசி வரை ஆடியிருந்தால் இன்று கோப்பை நம் கரையில் இருந்திருக்கும் என்று பூதன் பெருமூச்சு விட்டான். அதுவரை அமைச்சருக்கு மறுப்பில்லை.

பிறகு பேச்சு கீரனிடம் வந்தது. இறுதி ஆட்டத்தில் கீழ்க்கரை நாட்டார் அடித்த கடைசி வட்டு அவன் கால்களுக்கு நடுவே புகுந்ததை நினைவூட்டி, அவ்வளவு அகலமான வழியில் கல்யாண ஊர்வலமே மேளத்தோடு போயிருக்கலாம் என்று நக்கண்ணை சொன்னாள். வட்டு வருவதைக் கண்டதும் தம்பி வணக்கம் சொல்லி வழிவிட்டார் என்றான் பூதன். கடைசியில் வேட்டன் தணலைக் கிளறிக்கொண்டே, என்ன செய்வது, கீரன் கீழ்க்கரைக்குப் போய்விட்டான் என்றான். எல்லோரும் தலையசைத்தீர்கள். ஒருவர்கூட மறுக்கவில்லை.

அமைச்சர் கம்பளியோடு எழுந்து நடந்தார். நம்மை வென்ற நாட்டின் பெயர் கீழ்க்கரை நாடு. நம் வாயில் காவலன் அங்கே போய்விட்டான் என்று ஊரார் ஒருமனதாகச் சொன்னால், அதற்கு ஒரே பொருள்தான் உண்டு என்று அவர் எண்ணினார்.

அந்த எண்ணம் வந்தபின் பார்த்ததெல்லாம் அதற்குச் சாட்சியாகவே தோன்றியது. ஆட்டம் முடிந்ததும் கீழ்க்கரை அணித்தலைவன் கீரனின் தோளில் சால்வை போர்த்தியது தோற்றவனுக்குச் செய்யும் மரியாதை என்று அன்று நினைத்த அவர், இப்போது அந்தச் சால்வையை வரவழைத்து, தையல் பிரித்து, உள்ளே ஏதும் இருக்கிறதா என்று பார்த்தார். நூல்தான் இருந்தது. கீரன் உணவு வேளையில் கண் நிமிர்ந்து பார்க்காததைக் குறித்துக்கொண்டார். ஏரிக் காவலரை அழைத்துக் கேட்டபோது, ஆட்டக்காலத்தின் பிற்பகுதியில் விடியற்காலைகளில் கீழ்க்கரை நாட்டைப் பார்த்த ஏரியின் கிழக்கு ஓரத்தில் ஒரே ஒருவனுடைய சறுக்குத் தடங்கள் தெரிந்தன என்றும், அவை கீரனின் செருப்புத் தடங்களே என்றும் அவர்கள் சொன்னார்கள். அத்தோடு அமைச்சர் முடிவுக்கே வந்துவிட்டார்.

இந்த விசாரணையின் பேச்சு அரண்மனைக்கும் எட்டியது. வெண்முடிக் கோன் ஆள் அனுப்பி, உம் வீட்டு வழக்கை நீரே விசாரித்து, விடையைத் தணல்மன்றத்தார் முன் வையும், அவர்கள் ஏற்கவில்லையென்றால் அடுத்த உறைபனி முதல் வாயில் காக்கும் உரிமை வேறு குடிக்குப் போகும் என்று கட்டளையிட்டார். அழிசியார் அந்தக் கட்டளையை நின்றபடியே கேட்டார். இம்மாளிகைச் சுவரில் மாட்டியிருக்கும் வளைகோல்கள் அனைத்தும் அக்குடியின் முன்னோர் பிடித்தவை. அவற்றை யார் கழற்றுவது என்ற கேள்வி அன்றிரவு முழுதும் அவரை உறங்கவிடவில்லை.

ஆகவே இன்று வேட்டனும் நக்கண்ணையும் பூதனும் அழைக்கப்பட்டார்கள். தண்டிக்க அல்ல, சாட்சி சொல்ல. அவர்களுக்கு இருக்கை தரப்பட்டது. கீரன் தூணருகே நின்றான். நக்கண்ணையின் அகப்பை கீழ்க்கரை வேலைப்பாடாகத் தெரிந்ததால், அது எங்கே வாங்கியது என்று அமைச்சர் முதலில் கேட்டார். சந்தையில் வாங்கியது, இந்த நாட்டில் பாதி வீட்டில் இதுதான் இருக்கிறது, ஐயாவின் அடுக்களையிலும் இருக்கும், போய்ப் பாருங்கள் என்று அவள் சொன்னாள். பார்க்கப்பட்டது. இருந்தது.

அவள் உபசாரமாகக் கொண்டுவந்த கஞ்சியை அமைச்சர் முன் வைத்தபோது, முகம் சுளித்து, மன்னிக்க வேண்டும், வரும் வழியில் இந்தக் கஞ்சி கீழ்க்கரைக்குப் போய்விட்டது என்றாள். கஞ்சி ஆறி, நீர்த்துக் கிடந்தது. பூதன் அவளைத் தேற்றும் குரலில், கஞ்சியாவது பரவாயில்லை, என் வலது தோளே போன பனிக்காலத்தில் கீழ்க்கரைக்குப் போய்விட்டது, இன்னும் திரும்பவில்லை என்றான்.

அமைச்சர் கஞ்சியைப் பார்த்தார். பூதனின் தோளைப் பார்த்தார். கஞ்சி எந்த நாட்டுக்கும் உளவு சொல்லாது. தோள் தன் உடலை விட்டு எதிரியிடம் சேராது. அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று அவர் வேட்டனைக் கேட்டார்.

பளிங்கேரியின் கிழக்கு ஓரத்தைக் கரையார் கீழ்க்கரை என்பார்கள், அடியில் ஊற்று இருப்பதால் அங்கே பனி எப்போதும் இளகியே இருக்கும், அங்கே போனவன் கால் பாவாது, ஆகையால் சரியாக இருந்த ஒன்று தளர்ந்துபோனால் கீழ்க்கரைக்குப் போய்விட்டது என்பது கரைப்பேச்சு, இதை அமைச்சர் அறியாதது தங்களுக்குத்தான் வியப்பு என்று வேட்டன் சொன்னான். கீரன் ஆட்டம் தளர்ந்தது என்பதே அவர்கள் சொன்னது. அதற்கு மேல் ஒரு சொல்லும் இல்லை. மேற்கூரை மேடைக்குக் கரைப்பேச்சு கேட்பதில்லை என்பதை இவ்வோலையில் எழுதச் சொல்லி அமைச்சரே பணித்தார்.

ஆனால் கீரனின் தடங்கள் மீதமிருந்தன. சொல்லுக்கு வேறு பொருள் இருக்கலாம், தடத்துக்கு இருக்க முடியாது. விடியலில் கிழக்கு ஓரத்தில் உனக்கு என்ன வேலை என்று அமைச்சர் கேட்டார். கீரன் வாய் திறக்கவில்லை. வாயில் காத்தது போதும், இப்போது வாயைக் காக்காதே, தம்பி, சொல்லிவிடு என்று நக்கண்ணை அதட்டிய பிறகே அவன் சொன்னான்.

நான் அங்கே மண்டியிடப் பழகினேன், பெரியப்பா, என்றான்.

மன்றத்தார் அறிவீர்கள்: பெருவாயில் குடியினர் வாயிலில் நிமிர்ந்தே நிற்பார்கள். கோன் முன்னிலையன்றி அவர்கள் முழங்கால் எங்கும் படாது. மற்ற அணிகளின் காவலர்கள் தாழ்ந்து வரும் வட்டைக் கண்டதும் முழங்காலில் விழுந்து வழியை அடைக்கிறார்கள். அதை நம் மேடையில் இருந்தவர்கள் இழிவாகவே பேசி வந்திருக்கிறார்கள். எதிரணியினர் இதைக் கண்டுகொண்டு இவ்வாண்டு முழுதும் தாழ்வாகவே அடித்தார்கள், அதனால்தான் தன் ஆட்டம் தளர்ந்தது என்று கீரன் சொன்னான். வீட்டார் கண்ணில் படாத இடம் கிழக்கு ஓரம் ஒன்றுதான் என்பதால் இளகிய பனியில் நனைந்து பழகியதாகவும், நன்றாகவே பழகிவிட்டதாகவும் சொன்னான். அப்படியானால் இறுதி ஆட்டத்தில் ஏன் மண்டியிடவில்லை என்று வேட்டன் கேட்டான்.

பெரியப்பா மேடையில் அமர்ந்திருந்தார் என்று கீரன் விடை சொன்னான்.

கஞ்சியை இனிச் சூடாக்கவும் முடியாது என்று நக்கண்ணை அதை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அமைச்சர் சுவரிலிருந்த வளைகோல்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, குடியின் மானம் நிற்கும் விதத்தில் இல்லை, வாயில் காக்கப்படுவதில் இருக்கிறது என்று சொல்லி, சாத்தனை ஓலை எடுக்கப் பணித்தார்.

ஆகவே கட்டளை இது. அடுத்த உறைபனி முதல் பெருவாயில் குடியினர் வாயிலில் மண்டியிடலாம். அதைக் கண்டு மேடையில் சிரிப்பவர் யாராயினும், அன்றே மேடையை விட்டு இறங்கிக் கரையில் அமர வேண்டும். கீழ்க்கரை அணித்தலைவன் தந்த சால்வை மீண்டும் தைக்கப்பட்டுக் கீரனிடம் சேரட்டும். மன்றத்தார் இவ்விடையை ஏற்பதானால் தணலில் ஒரு கட்டை கூடுதலாக இடுங்கள். அந்தப் புகையைக் கோன் அரண்மனையிலிருந்தே காண்பார். நிமிர்ந்த வளைகோலும் மூடிய கதவும் பொறித்த முத்திரை இதன்மேல் இடப்பட்டது. உரக்கப் படிக்கப்பட்டு, கரையில் உள்ள கடைசி மனிதர் கேட்டபின் இவ்வோலை கட்டப்படுக.

கீரன் வாயிலை எவருக்கும் விற்கவில்லை. அவன் விடியற்காலைகளில் கிழக்கு ஓரத்துக்குப் போனது உண்மை. கீழ்க்கரை நாட்டுக்குப் போனது பொய். இன்று உச்சிவேளையில் அமைச்சர் அழிசியாரே ஏரியில் இறங்கி, கீரன் காட்டிக்கொடுக்க, மண்டியிட்டுப் பார்த்தார் என்று இப்போதே சந்தையில் ஒரு பேச்சு உலவுகிறது. அதுவும் பொய். அவர் குனிந்தார், அவ்வளவே.