ஐந்தாம் மாடியில் இருந்த பாஸ்போர்ட்

யூன் 15, ஞாயிறு

அண்ணை மகன் கீதனின் கலியாணம் முடிந்து ஒரு கிழமை. அண்ணை வீட்டுப் பிரிட்ஜைத் திறந்தால் இன்னும் பலகாரம்தான் விழுகிறது. மோர்னிங்சைட்டில் தெரிந்த சனம் எல்லோருக்கும் கொடுத்தும் முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை எனக்கு யாழ்ப்பாணத்துக்குத் திரும்பிப் பயணம். செவ்வாயில் வெளிக்கிடக் கூடாதாம். அதற்கு மச்சாள், அண்ணையின் மனுசி, வழி சொன்னா: பயணச் சாமானில் ஒன்றை நல்ல நேரத்தில் இன்னொருவர் வீட்டில் கொண்டுபோய் வைத்தால், அன்றைக்கே பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. அண்ணை சிரித்தார். "பிளேன்காரனுக்கும் ஒருக்காச் சொல்லிவிடு."

சிரிக்கட்டும். மச்சாள் ஒரு சீலை வைத்தாலே காணும் என்றா. நான்தான் கேட்கவில்லை. மகள் சுபாங்கிக்கு இரண்டு தரம் பிள்ளை வயிற்றில் தங்கவில்லை. இது மூன்றாவது. வெள்ளிக்கிழமை சிசேரியன். இவ்வளவு பெரிய காரியத்துக்கு ஒரு பழஞ்சீலையை வைத்து ஒப்பேற்றுவதா? கைப்பையை அப்படியே கொண்டுபோய் இதே கட்டடத்தின் ஐந்தாம் மாடியில், அண்ணைக்குத் தெரிந்த சண்முகநாதன் அண்ணையின் சாமித்தட்டுக்குக் கீழே வைத்தேன். காசு, ரிக்கெற், பாஸ்போர்ட் எல்லாம் அதற்குள்.

யூன் 16, திங்கள்

மகள் யாழ்ப்பாணத்திலிருந்து போன் எடுத்தாள். என் வீட்டில் தனியே இருக்கிறாள். மருமகன் லக்ஷனுக்குக் கட்டாரில் லீவு கொடுக்கவில்லை. அவருடைய தாய் கனகாம்பிகை மட்டக்களப்பில். பிள்ளைகள் விரும்பிக் கட்டினதென்று மூன்று வருஷமாய் எங்களோடு ஒரு கதை பேச்சில்லை.

"வேற ஒருத்தரும் வேண்டாம் அம்மா. நீங்கள் என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டாக் காணும்."

"வியாழக்கிழமை வந்திடுவன்" என்றேன்.

யூன் 17, செவ்வாய்

பிளேன் போய்விட்டது. நான் இங்கே.

யூன் 18, புதன்

நேற்று அதுக்கு மேல் எழுதக் கை வரவில்லை.

பின்னேரம் நாலரைக்குக் கைப்பையை எடுக்க இறங்கினோம். சண்முகநாதன் அண்ணை வீடு பூட்டு. பக்கத்து வீட்டு மனுசி சொன்னா, மொன்றியலில் திடீரென்று ஒரு செத்தவீடாம், விடியவே ஓடினவையாம். அந்த அந்தரத்தில் என் பை யாருக்கு ஞாபகம் வரும்? அவர் போனை எடுக்கவில்லை. செத்தவீட்டில் போனை நிற்பாட்டித்தானே வைத்திருப்பார். கீதன் இருபது தரமாவது அடித்திருப்பான்.

கட்டடம் பார்க்கிற மரியோ வந்தார். இடுப்பில் திறப்புக் கொத்து. வீட்டுக்காரர் சொல்லாமல் திறக்க ஏலாதாம். நல்ல மனுசன், எனக்கு ஒரு கதிரை கொண்டுவந்து போட்டார். எனக்குக் கதிரையா வேணும்? திறப்பு எனக்கு முன்னாலே தொங்குது, கதவுக்கு அங்கால என்ர பாஸ்போர்ட், நான் நடுவில குந்திக்கொண்டு இருக்கிறன்!

ஆறரைக்குச் சண்முகநாதன் அண்ணை போன் எடுத்தார். "ஐயோ தங்கச்சி" என்றார். அவர் போனில் சரி சொல்ல, மரியோ அரை நிமிஷத்தில் திறந்தார். பிறகு எயார்போட்டுக்குப் போகிற அந்த நானூற்றியோராம் நம்பர் றோட்டு. காரெல்லாம் ஊர்ந்தன. எட்டரைப் பிளேனுக்கு ஏழரைக்குக் கவுண்டரைப் பூட்டிவிட்டார்கள். நாங்கள் போனது ஏழு நாற்பது. பிளேன் நிற்குது பிள்ளை, ஏத்திவிடு பிள்ளை என்று தமிழிலேயே கெஞ்சினேன். காலில் விழாத குறை. கவுண்டரில் நின்ற பெட்டை கண் துடைக்க ரிஷ்யூப் பெட்டியை என் பக்கம் தள்ளினாள்.

பள்ளிக்கூட லீவு தொடங்குகிறதாம், வேறு பிளேன் ஒன்றிலும் இடமில்லை. "மாமி, ஐ ஆம் ட்றையிங். எல்லாம் ஃபுல்" என்றான் கீதன். கிடைத்தது இருபத்தைந்தாம் திகதி.

மகளுக்குச் சொன்னேன். அழுதிருந்தால், ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். "சரி அம்மா" என்று மட்டும் சொன்னாள்.

மச்சாள் முகம் கொடுத்துக் கதைக்கிறா இல்லை, தன்னால்தான் எல்லாம் என்று. அவ சீலைதானே சொன்னவ. பாஸ்போர்ட்டை வைத்தது ஆர்? நான். என்ர பக்தி. என்ர விசர்.

அதே நாள், காலை பத்து மணி

கனகாம்பிகைக்குப் போன் எடுத்தேன். நம்பர் லக்ஷனிடம் வாங்கினேன். "உங்களைக் கேக்கிறதுக்கு எனக்கு முகமில்லை. பிள்ளை தனிய" என்று தொடங்கி, எல்லாம் சொன்னேன். கடைசியில் அவ சொன்னது, "கேட்டுட்டன்." போனை வைத்துவிட்டா.

இதுக்கென்ன அர்த்தம்?

யூன் 19, வியாழன்

ஒன்றும் தெரியவில்லை. அவவுக்குத் திரும்பப் போன் எடுக்கப் பயம். இன்றைக்கு நான் அங்கே நின்றிருக்க வேண்டிய நாள்.

யூன் 20, வெள்ளி

சிசேரியன் அங்கே பின்னேரம் மூன்று மணிக்கு, இங்கே விடிய ஐந்தரை. குசினி மேசையில் போனை வைத்துக்கொண்டு இருந்தேன். அண்ணை தேத்தண்ணி போட்டுத் தந்துவிட்டுப் பக்கத்தில் இருந்தார். வழக்கமான பகிடி ஒன்றும் விடவில்லை. ஆறரை. ஏழு. கடவுளே, என்னை எடுத்துக்கொள், அதுகளை விடு.

ஏழு பத்துக்கு லக்ஷன். "மாமி, பொம்பிளைப் பிள்ளை. ரெண்டு பேரும் சுகம்." பிறகு தன் தாயைப் பற்றிச் சொன்னார்: "அம்மா ராத்திரி பஸ் ஏறிப் போயிட்டா மாமி. விடியத் தொடக்கம் அங்கதான் நிக்கா."

அழுதேன். மச்சாள் வந்து கட்டிப்பிடித்தா. இரண்டு பேரும் சேர்ந்து அழுதோம்.

யூன் 22, ஞாயிறு

வீடியோவில் பேத்தி. மூக்கு என் மனுசனின் மூக்கு, அவர் உயிரோடு இருந்து பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. திரையின் ஓரத்தில் ஒரு கை வந்து துணியைச் சரி செய்தது. வளையல் போட்ட கை. ஒப்பரேசன் தியேட்டர் வாசல்வரை அந்தக் கையைத்தான் பிடித்துக்கொண்டு போனாளாம் மகள். சந்தோஷம்தான். சந்தோஷம்தானே?

யூன் 24, செவ்வாய்

மகள் ஆஸ்பத்திரியால் வீட்டுக்கு வந்துவிட்டாள். குரலில் நல்ல தெளிவு.

"அம்மா, நீங்கள் அவசரப்படாதேங்கோ. மாமி முப்பத்தொண்டாம் நாள் துடக்குக் கழியுமட்டும் நிக்கிறன் எண்டுறா. இவ்வளவு தூரம் போனனீங்கள், நாலு இடம் பாத்திட்டு ஆறுதலா வாங்கோ."

பின்னால் பிள்ளை அழுதது. "மாமி, ஒருக்காத் தூக்குங்கோ" என்று கூப்பிட்டாள். உடனே அழுகை நின்றது. கனகாம்பிகை கிட்ட வந்து எனக்குச் சொன்னா: "யோசியாதீங்க. நான் இரிக்கன்தானே."

வைக்கிற நேரம் மகள் மெல்லச் சொன்னாள், "உங்கட அறையை மாமிக்குக் குடுத்திருக்கு. கோவியாதேங்கோ."

கோவிக்க என்ன இருக்கிறது? கூப்பிட்டது நான்தானே.

கீதன் கேட்டான், ரிக்கெற்றை இரண்டு கிழமை பின்னுக்குத் தள்ளவோ என்று. இப்ப ஈசியாம், அந்தத் திகதிகளில் நிறைய இடம் இருக்காம்.

வேண்டாம் என்றேன். நாளைக்குப் போறன். விறாந்தையில பாயைப் போட்டெண்டாலும் படுப்பன்.