தேவகியின் கைகள்

ஜூன் 10, செவ்வாய்

காலையில தூறல். குடை வீட்டுல. குடிபாலா பஸ்ல சித்தூர் வரைக்கும் நின்னுக்கினே.

ஆஸ்பத்திரி ஃபைல் எல்லாத்துக்கும் கோட் போட்டாச்சு, ஒண்ணைத் தவிர. டாக்டர் எழுதுற நோய்க்கு நம்பர் கோட் போடுறதுதான் என் வேலை. தேவகி, 26, மாம்பழக் கூழ் ஃபேக்டரியில காம்பு கிள்ளுற வேலை. ரெண்டு கையும் சிவந்து, தோல் உரிஞ்சு. டாக்டர் எழுதினது: மாங்காய்ப் பால், ஒவ்வாமை.

ஒவ்வாமைன்னா L23. மாங்காய் பக்கமே போகக் கூடாது. வேலை போச்சு. வெறும் எரிச்சல்ன்னா L24. எது எரிச்சதோ அதை நிறுத்தினா போதும்.

போட்டோவுல விரல்லேர்ந்து முழங்கை வரைக்கும் ஒரே சிவப்பு, அங்க டக்குனு நிக்குது. பால் தெறிச்சா இப்படியா? எங்க தோப்புல எனக்கே பட்டிருக்கு. புள்ளி புள்ளியா, கழுத்து, கன்னமெல்லாம். இது கையை எதுலயோ முக்கின மாதிரி.

ஃபைலை அப்படியே வெச்சுட்டேன்.

ராத்திரி வீட்டுக்காரர் சமையல், புளிச்சக்கீரைப் பருப்பு. நல்லாவே இருந்துச்சு. சொல்லல.

ஜூன் 11, புதன்

வெயில். தேவகி மருந்து கட்ட வந்திருந்தா. பக்கத்துல உக்காந்து பேச்சுக் குடுத்தேன்.

"வீட்டுக்குப் போயி கையை இன்னா பண்ணுவ?"

"மாங்காக் கறை போவலக்கா. சாயந்தரம் எங்கக்கா டிபன் கடையில இட்லி வெக்கணும். துன்ன வர்றவங்க கையைப் பாத்து மூஞ்சி சுளிக்கிறாங்க. அதான் பக்கெட்டுல பிளீச்சிங் பவுடர் கலக்கி முக்கிக்கினு குந்திப்பேன்."

"எவ்ளோ நேரம்?"

"ஒரு சீரியல் முடியற வரிக்கும்."

"டாக்டர் கிட்ட சொன்னியா?"

"அவுரு மாங்காயைப் பத்திதானக்கா கேட்டாரு."

நோய் என்னன்னு சொல்றது என் வேலை இல்ல. கேக்கலாம். டாக்டருக்குச் சீட்டு எழுதினேன்: 'தினமும் பிளீச்சிங் பவுடர் தண்ணியில கை முக்குறாங்களாம். காரணம் உறுதி செய்யவும்.' ரெண்டு தடவை கிழிச்சுப் போட்டு, மூணாவதை அனுப்பினேன்.

ஜூன் 12, வியாழன்

டாக்டர் கூப்பிட்டார். என் சீட்டு அவர் கையில.

"பத்மா, டாக்டரு நேனா, நுவ்வா?"

டாக்டர் நானா, நீயான்னு தெலுங்குல. அவரே தேவகியைக் கூப்பிட்டு ரெண்டு கையையும் சேத்து நீட்டச் சொன்னார். கழுத்தைப் பாத்தார். காதுக்குப் பின்னால. ஒண்ணுமில்ல. எழுதினதை அடிச்சார். 'பிளீச்சிங் பவுடரால் எரிச்சல்.'

L24.5. போட்டாச்சு!

ஃபேக்டரிக்கு லெட்டர்: அடுத்தவங்களுக்கு ஒட்டாது. ஆறினதும் வேலைக்கு வரலாம். கையுறை தேவை. பக்கெட்டுக்கு முழுக்குப் போடச் சொல்லி தேவகிக்குத் தனியா ஒரு திட்டு. கறைக்குத் தேங்காய் எண்ணெய், சோப்பு.

லெட்டரை மடிக்காமலே பிடிச்சுக்கினு போனா. நான் ரெண்டு டீ குடிச்சேன்.

ஜூன் 24, செவ்வாய்

புழுக்கம். பால், உளுந்து, பாப்பா நோட்டு வாங்கணும்.

தேவகி போன். "சேத்துக்கினாங்கக்கா. எல்லாருக்கும் கையுறை குடுத்துட்டாங்க. இவளாலதான் கை வேர்க்குதுன்னு என்னையே திட்டுறாளுங்க." சிரிச்சுக்கினே சொன்னா.

மத்தியானம் டாக்டர் ரூம்லேர்ந்து புது ஃபைல். கொத்தனார், ரெண்டு காலும் அரிப்பு. காரணம்ன்ற இடத்துல ஒண்ணும் எழுதல. ஓரத்துல பென்சில்ல: 'பத்மா, வெளிய உக்காந்திருக்கார். நீங்க ஒரு தடவை பேசிப் பாருங்க.'

பேனாவை எடுத்துக்கினு போனேன்.