ஃபேடு என்றால் என்ன

அன்புள்ள பூங்காவனத்துக்கு,

நீயும் அத்தையும் சுகம்தானே? உன் முழங்கால் வலி தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன். போன வாரம் லேசாகக் காய்ச்சல் வந்து போனது, அவ்வளவுதான்.

இங்கே ஈஜிபுராவில் மூன்று நாளாகத் தூறல். சலூனுக்கு வருகிறவர்கள் எல்லோரும் 'ஃபேடு' வெட்டச் சொல்கிறார்கள். உச்சியில் கருகருவென்று இருக்கும் முடி, காதுப்பக்கம் வரும்போது தெரியாமல் கரைந்துவிட வேண்டும். மெஷின் சத்தத்தில் அது பொழுது சாய்வதுபோல் இருக்கும். நான் எங்கோ போய்விடுவேன்.

நேற்று லாயிட் என்கிற இங்கிலீஷ் வாத்தியார் வந்தார். "ஃபேடுன்னா மங்குறதுதானே சார்?" என்று கேட்டேன்.

"இப்போ அப்படித்தான் ஏழுமலை. ஆனா அந்த வார்த்தை பிரெஞ்சுலேர்ந்து வந்தது. அந்தக் காலத்து பிரெஞ்சுல ருசியில்லாததுன்னும் அர்த்தம். சப்புன்னு இருக்குமே, அது."

என் கை நின்றுவிட்டது. "என்னாச்சு?" என்றார். "ஒண்ணுமில்ல சார், தலைய கொஞ்சம் குனிங்க" என்றேன்.

சாப்பாடு ருசிக்காதது காய்ச்சலால்தான் என்று நினைத்திருந்தேன். யோசித்தால், தீபாவளி முடிந்து பஸ் ஏறிய நாளிலிருந்தே அப்படித்தான்.

கொஞ்சம் நார்த்தங்காய் ஊறுகாய் அனுப்பு. பார்சலில் வேண்டாம், ஓசூர் பஸ்ஸில் நீயே கொண்டு வா. இரண்டு நாளாவது இரு.

நாற்காலியில் ஆள் உட்கார்ந்துவிட்டார்.

உன்
ஏழுமலை