நான்கு குண்டான்கள்

பம்பாய்,
9-5-1946

பிரியமுள்ள ஞானம்மாளுக்கு,

கர்த்தர் கிருபையால் நான் சுகம். நீயும் ஆத்தாவும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன்.

இங்கே துறைமுகத்தில் ரயில் வேகன்களைக் கயிறு கட்டி இழுக்க நான்கு மோட்டார்கள் உண்டு. குழாயில் அழுத்தி விடும் தண்ணீர்தான் அவற்றைச் சுழற்றுகிறது. நான்கிலும் கொஞ்சம் ஒழுகும். தண்ணீர் வீணாவது பார்த்து எனக்கு மனசு கேட்காமல் ஒவ்வொன்றின் கீழும் ஒரு குண்டான் வைத்தேன். பந்தல்குடிக்கார மேஸ்திரி சோணைமுத்து, "ஏலே, பம்பாய்க்கு வந்தும் ஒனக்கு நம்மூருத் தண்ணிப் பஞ்சத்துப் புத்தி போகலையா?" என்று சிரித்தார்.

திங்களன்று பெரிய பாய்லர் ஒன்று வேகனில் ஏறியது. மேஸ்திரி மூன்றாவது மோட்டாரில் கயிற்றை மாட்டச் சொன்னார். பார்வைக்கு அதுதான் புதிது.

"அண்ணே, அது வேண்டாம். மத்த குண்டான் நெறைய மத்தியானம் ஆகுது. இது வெத்தல போட்டு முடிக்கங்குள்ள நெறஞ்சிருது. உள்ள தேஞ்சிருக்கு" என்றேன்.

திறந்தால், தண்ணீர் கசியாமல் அடைக்கும் தோல் வளையம் நார்நாராய்க் கிடந்தது. இழுத்திருந்தால் பாதி மேட்டில் பிடி விட்டு வேகன் எங்கள்மேல் திரும்பி ஓடி வந்திருக்கும். மேஸ்திரி அப்புறம் சிரிக்கவில்லை. கழற்றும்போது எனக்கு ஒரு நகம் போயிற்று, அவ்வளவுதான். ஆத்தாவிடம் சொல்லாதே.

யாராவது இங்கே வந்தால் விளக்கெண்ணெய் கொடுத்துவிடு. மோட்டார்த் தோலுக்கும் ஆகும், என் தலைக்கும் ஆகும்.

நமக்குக் கல்யாணமான கோடையில், குண்டாற்று ஊற்றில் நீ சிரட்டையால் மொண்டு ஊற்ற, நான் குடத்தைப் பிடித்திருந்தேன். அது நிறையவே கூடாது என்று அன்று நினைத்தேன்.

சங்கு ஊதுகிறது. இப்போது அந்த ஊற்றில் ஒரு குடம் நிறைய எவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கிறாய்? மறைக்காமல் எழுது.

உன்
வேதமுத்து