பிரமாணத்துக்கு முன்னால்

கரோல் பாக்,
ஞாயிற்றுக்கிழமை

சௌபாக்யவதி ஸ்ம்ருதிக்கு, அம்மா ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுதத்தான் கை போகிறது, ஆனால் பாதி சௌக்கியம்தான், மீதியைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நீயும் மாப்பிள்ளை ப்ரசன்னாவும் அந்த டொராண்டோ குளிரில் நன்றாக இருக்க வேண்டும். போனில் பேசினால் அப்பா காதில் விழும், இந்த இரண்டு ரூம் வீட்டில் ரகசியம் பேச ஏது இடம், அதனால் கையால் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன். தமிழ் படித்து நாளாயிற்று, எழுத்துக்கூட்டியாவது கடைசிவரை படி.

அப்பாவுக்கு இருதயத்தில் அடைப்பு. மாதக் கடைசியில் ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நீ வியாழக்கிழமை கனடா குடியுரிமைப் பிரமாணம் எடுக்கப் போகிறாய் அல்லவா, அதனால் அப்பா, அவகிட்டே மூச்சு விடாதே, கொழந்தை சந்தோஷமா முடிச்சுக்கட்டும் என்று என் வாயைக் கட்டிப்போட்டிருக்கிறார். அப்படிச் சொன்ன மனுஷர் மறுநாளே ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போய் உனக்கு அனுப்ப அப்பளமும் மணத்தக்காளி வற்றலும் வாங்கிக்கொண்டு வந்து, மாடிப்படியில் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டார். கீழ்வீட்டு சர்தார்ஜிதான் கைத்தாங்கலாக அழைத்து வந்து, அங்கிள்ஜியைத் தனியாக அனுப்பலாமா என்று என்னைக் கடிந்துகொண்டார். அதிலிருந்து எனக்கு ஓர் இடத்தில் இருப்புக்கொள்ளவில்லை, கேஸை அணைத்தேனா என்று எழுந்து எழுந்து போய்ப் பார்க்கிறேன்.

போன மாதம் நீ குடியுரிமை விஷயத்தைச் சொன்னபோது நான் அழுதது வேறு காரணத்துக்கு. பள்ளிக்கூடத்தில் இதைத்தானே வருஷம் தவறாமல் நடத்தினேன். எல்லை, சட்டம், சர்க்கார் எல்லாம் சேர்ந்தது அரசு, நாமெல்லாம் ஒன்று என்று நினைக்கிற ஜனங்கள் தேசம், இரண்டும் ஒரே எல்லைக்குள் பொருந்தினால் தேச அரசு, அப்படிப் பொருந்துவது அபூர்வம். குர்துகளுக்குத் தனி அரசு இல்லை, நாலு நாட்டில் சிதறிக் கிடக்கிறார்கள், அதனால் குர்துகள் இல்லையென்று ஆகிவிடுமா என்று கேட்பேன். மூன்றையும் குழப்பினால் ஈவிரக்கமில்லாமல் மார்க்கைக் குறைப்பேன். அப்படிப்பட்டவளே, நீ பாஸ்போர்ட் மாற்றுகிறாய் என்றதும் பெண் கைவிட்டுப் போய்விட்டாள் என்று அழுதேன். எனக்கு யார் மார்க்கைக் குறைப்பது? இங்கே நம்மை மதராசி என்கிறார்கள், சென்னைக்குப் போனால் டில்லிக்காரர்கள் என்கிறார்கள், அதனால் நாம் யாரென்று நமக்கு மறந்தா போயிற்று? நீ தாராளமாக அந்த ஊர்ப் பிரஜையாகிக்கொள்.

ஆனால் வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்பது அரசுதான். பிரமாணம் எடுத்துவிட்டால் உன் இந்தியப் பாஸ்போர்ட் செல்லாது. புதுசு வந்து, விசா வந்து, நீ கிளம்புவதற்குள் இங்கே ஆபரேஷன் முடிந்திருக்கும். உள்துறையில் காலமெல்லாம் இதே ஃபைல்களைப் பார்த்த அப்பாவுக்கு இது தெரியாதா? தெரிந்துதான் பேசாமல் இருக்கிறார். அதுதான் என்னைப் பிடுங்கித் தின்கிறது. பிரமாணத் தேதியைத் தள்ளிப்போட முடியுமாமே, நாளைக்கே கேட்டுத் தள்ளிப்போட்டுவிட்டு, இப்போதிருக்கும் பாஸ்போர்ட்டிலேயே கிளம்பி வா. என்ன இப்படித் திடீரென்று என்று அப்பா கேட்டால் லீவு கிடைத்தது என்று சொல், நம்பமாட்டார், ஆனாலும் சந்தோஷப்படுவார்.

தீர்க்க சுமங்கலியாக இரு, இரண்டு பேரும் சேர்ந்து நன்றாக இருங்கள். இங்கேயும் குளிர் ஆரம்பித்துவிட்டது, கம்பளி எடுத்துவர மறக்காதே. ஏர்போர்ட்டில் இந்தியர்களுக்கென்று தனி வரிசை இருக்கும். கடைசித் தடவையாக இருந்தாலும் இருக்கட்டும், அதில் நின்று சீக்கிரம் வீட்டுக்கு வந்து சேர்.

உன் வரவை எதிர்பார்க்கும் அம்மா,
விசாலாக்ஷி